சொல் தொடங்கும் முன்

கானல்வரியை நடத்தி முடித்த ஒரு பிற்பகலில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மாதவி பாடுன பாட்டெல்லாம் எழுத்துல இருக்கும்மா. பாடுறதுக்கு முன்னாடி யாழ வாங்கி என்னமோ வாசிச்சிருப்பால்ல, அது எங்கம்மா இருக்கு?"

"அது இல்லை" என்று சொல்லிவிட்டு வகுப்பை முடித்தேன். எங்கள் கல்லூரி கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சன்னலுக்கு வெளியே தென்னை, வயல், அதற்கப்பால் மேற்குமலை. அந்த மாணவியின் அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் கூலிவேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு இறங்குகிறவர். அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. இத்தனை வருடம் சிலம்பு நடத்திவிட்டு, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

கானல்வரியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். இந்திரவிழா முடிந்து கடற்கரையில் இருவரும் இருக்கிறார்கள். யாழைச் சரிபார்த்து அவன் கையில் கொடுப்பவள் மாதவி. அவன் ஒரு பெண்ணை நினைத்துப் பாடுவதுபோல் பாடுகிறான். இவளும் யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைத்திருப்பவள்போலப் பாடுகிறாள். அவன் பாடியது பாட்டாக நின்றுவிடுகிறது. அவள் பாடியது வாக்குமூலமாகிவிடுகிறது. பாட்டு புனைவு என்பதை மறந்து, பாடியவளின் நடத்தையை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். தமிழின் முதல் மோசமான இசை விமர்சகன் கோவலன்தான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அவனுடைய வாரிசுகள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆண் வித்வானின் ஆலாபனை என்றால் கற்பனை, மேதைமை, கணக்கு, துணிச்சல். பெண் பாடினால் இனிமை, குழைவு, பக்தி, உருக்கம். அவர் யோசித்தார், இவள் உருகினாள். பழைய கச்சேரி விமர்சனங்களை எடுத்துப் படித்தால் இந்தப் பங்கீடு எவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது என்பது தெரியும்.

நான் சங்கீதம் முறையாகக் கற்றவள் இல்லை. ராகம் கண்டுபிடிக்கும் போட்டியில் என்னை உட்காரவைத்தால் முதல் சுற்றிலேயே எழுந்துவிடுவேன். இதில் இருப்பவை சில ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு தமிழாசிரியையின் மனப்பதிவுகள் மட்டும். அவற்றில் நான் தேடிக் கேட்டது, சொல் தொடங்குவதற்கு முன்னால் குரல் தனியாக நிற்கும் அந்த இடத்தை. ஆலாபனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது விருத்தம்: தாளக்கட்டு இல்லாமல், ஒரு செய்யுளின் சொற்களை ராகத்துக்குள் நீட்டியும் நிறுத்தியும் பாடுவது. எங்கே நிற்க வேண்டும், எதை மறுபடி சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அந்த நிமிடத்தில் பாடுகிறவரே முடிவு செய்கிறார்.

விருத்தம் என்றால் எனக்கு முதலில் வருவது கே.பி. சுந்தராம்பாள். எண்பதுகளில் எங்கள் பக்கம் கோவில் கொடை என்றாலும் கல்யாணம் என்றாலும் சடங்கு என்றாலும் குழாய் ரேடியோ கட்டிவிடுவார்கள். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் போகும்போது ஊருக்கு ஊர் அந்தக் குரல்தான் வரவேற்கும். பனைமரத்தில் கட்டிய குழாயிலிருந்து ஆற்றைத் தாண்டி, வயலைத் தாண்டி, ஒரு சொல்லும் சிதையாமல் வந்துசேரும் குரல். மைக் இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. பின்னாளில் மைக் வந்ததும் பெண் குரல்கள் சுருதியில் இறங்கின, நெருங்கி வந்தன, காதுக்குள் பேசத் தொடங்கின. சுந்தராம்பாளின் குரல் மட்டும் கடைசிவரை தூரத்தில் இருப்பவர்களுக்காகவே பாடியது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கதையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர், நாடகத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்தார், 1933இல் கிட்டப்பா இறந்தார், இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை உடுத்தினார், அந்தச் சோகம்தான் அந்தக் குரல். கோவலன் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பான். வெள்ளைச் சேலைக்கு இரண்டு வருடம் கழித்து, 1935இல், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசி நந்தனாராக, ஆண் வேடத்தில், படத்தில் நடித்த பெண் அவர். அந்தக் காலத்தில் அந்தத் தொகையைக் கேட்பதற்கு ஒரு பெண்ணுக்கு என்ன மாதிரியான தொண்டை வேண்டும்!

என் அம்மாச்சியும் இளவயதில் தாலி அறுத்தவர். திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டி அம்மாவையும் மாமாவையும் வளர்த்தார். 'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்ட முருகனைப் பார்த்து ஔவை பாடும் பாட்டு குழாயில் வந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் கேட்டதை ஒப்பிக்கிற மாதிரி நான் சொன்னேன்: "புருசன் செத்துப்போனதால இவங்க அழுதுக்கிட்டே பாடுவாங்களாம் அம்மாச்சி." அம்மாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அவ எங்கடி அழுகுறா? சாமிய அதட்டுறா."

முப்பது வருடம் கழித்து, இசை பற்றிய நூல்களை ஓரளவு படித்த பிறகும், சுந்தராம்பாளைப் பற்றி இதைவிடச் சரியான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். குரல் கீழிருந்து தயங்கித் தயங்கி மேலே ஏறுவதில்லை. மேலேயே வந்து நின்றுகொண்டு பிறகு இறங்குகிறது. கெஞ்ச வந்தவள் அப்படி வந்து நிற்க மாட்டாள். முருகனும் அவனுடைய அப்பாவும் பழத்துக்காகப் போட்ட சண்டையைத் தீர்த்துவைக்க வந்த ஊர்ப் பெரிய மனுஷியின் குரல் அது. 1953இல் வந்த 'ஔவையார்' படத்திலும் அப்படித்தான். இளமையையே வேண்டாம் என்று உதறிவிட்டு ஊர் ஊராக நடந்த ஒரு புலவருக்கு வேறு யாருடைய குரல் பொருந்தியிருக்கும்?

இனி ஒரு அயல்சொல்லிலிருந்து வருகிறேன். மேற்கத்திய இசையில் 'ராப்சடி' என்று ஒரு வடிவம் உண்டு. கட்டுக்கோப்பான வடிவத்தை மீறி, ஒரு உணர்விலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் செல்லும் இசைத் துண்டு. லிஸ்ட் பியானோவுக்கு எழுதியவை பிரபலம். பிராம்ஸ் 1869இல் பெண்ணின் தாழ்ந்த குரலுக்கு ஒன்று எழுதினார். அதை இங்கிலாந்தின் கேத்லீன் ஃபெரியர் பாடிய பதிவை ஒரு தோழி அனுப்பினாள். ஃபெரியர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர், 41 வயதில் புற்றுநோயால் இறந்தவர். அந்தத் தாழ்ந்த குரல் வாத்தியங்களுக்கு நடுவே எந்த அவசரமும் இல்லாமல் நடந்துவருவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது சொல்லின் பொருள்தான். கிரேக்கத்தில் அதன் வேர் 'பாட்டுகளைத் தைப்பது'. நாம் ராகங்களைத் தொடுத்து மாலை என்கிறோம். தைப்பதும் தொடுப்பதும் யாருடைய கைவேலைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேர் மட்டும் எப்படியோ வேறு யாருக்கோ போய்விடுகிறது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், ராவெலின் மாணவர், 1912இல் இந்தியா வந்தார். கோயம்புத்தூர் தாயி பாடிய இசைத்தட்டு அவரை ஆட்டிவைத்தது. அதன் விளைவாக அவர் எழுதிய ஒரு படைப்பின் பெயரே 'ராகமாலிகா'. அதில் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகி ஒலியை அடக்கச் சொல்லியிருக்கிறார். மேற்கே பியானோவை அப்படி மாற்றி வாசித்த மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. தாயியின் தட்டில் கேட்ட ஒலிக்குத் தன் வாத்தியத்தில் இடமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், வாத்தியத்தையே கொஞ்சம் கெடுத்தார்.

தாயி 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். இயற்பெயர் பழனிகுஞ்சரம். தேவதாசி மரபில் வந்தவர். அவருடைய பதிவுகளை இன்று கேட்டால் முதலில் இரைச்சல்தான் கேட்கும், மழை பெய்கிற மாதிரி. இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வெளியே வருகிறது. மெல்லிய, உயர்ந்த, அபாரமான வேகமுள்ள குரல். ஒரு தட்டின் பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் கிடைக்கும். ஒரு மணி நேரம் விரிக்க வேண்டிய ராகத்தை அந்தச் சிமிழுக்குள் அடைக்க வேண்டும். பல பெரிய வித்வான்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரவே தயங்கிய காலம் அது. கொல்கத்தாவில் கௌஹர் ஜான் 1902இல் பாடி முடித்து ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி வைத்தார். தெற்கே தாயி போன்றவர்கள் பாடினார்கள். ராகத்தின் சாரத்தை மூன்று நிமிடத்தில் சொல்வது எப்படி என்று இந்த நாட்டுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பங்கு இந்தப் பெண்கள்தான். இதை ஒரு கலைச் சாதனையாகச் சொல்லி நான் அதிகம் படித்ததில்லை. 'தாசிகள் கிராமபோனில் பாடினார்கள்' என்ற சமூகச் செய்தியாகத்தான் படித்திருக்கிறேன்.

இதே காலத்தில் சென்னையின் கண்ணியவான்கள் நாட்டியக் கச்சேரிக்கு எதிராகப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அழைக்கக் கூடாத பெண்ணின் குரல் கூடத்து மேசையில் சுழன்றுகொண்டிருந்தது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த முறை ஒழிய வேண்டியதுதான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் படித்த எவரும் அதில் சந்தேகப்பட முடியாது. ஆனால் ஒழித்த கையோடு அந்தப் பெண்களின் கலையை யார் எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பதையும் விட்டுவிட முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு விழும், விழட்டும்.

வீணை தனம்மாளை முதலில் ஒரு பேருந்தில் கேட்க முயன்றேன். தேனியிலிருந்து கம்பம் வரும் தனியார் பேருந்து; உள்ளே சினிமாப் பாட்டு, வெளியே ஏர் ஹாரன். காதில் மாட்டிய கருவியில் ஒன்றுமே விழவில்லை. பதிவு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு, தோட்ட ஜீப்புகள் புறப்படும் முன்பிருக்கும் அந்த அரைமணி அமைதியில் கேட்டேன். வீணை ஒரு பிடியைச் சொல்லிவிட்டு நிற்கிறது. அந்த நிற்றலுக்குள் நரம்பின் கார்வை கரைந்துகொண்டே போகிறது. முழுக்கக் கரைந்த பிறகுதான் அடுத்தது. கூடவே குரலும் வருகிறது, பாடுவதா முனகுவதா என்று சொல்ல முடியாதபடி. அவர் 1867இல் பிறந்தவர். 1930களில் கொலம்பியா நிறுவனத்துக்காக இதை வாசித்தபோது அறுபதைத் தாண்டியவர், பார்வை இழந்தவர். ஜார்ஜ் டவுனில் அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பு நடக்கும். பக்கவாத்தியம் கிடையாது. சென்னையின் பெரிய வித்வான்கள் எல்லாம் அங்கே வந்து மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். வாத்தியத்தின் சத்தம் அவ்வளவு சிறியது. கேட்க வேண்டுமானால் நீங்கள்தான் வாயை மூட வேண்டும்.

சுந்தராம்பாள் தூரத்தை வென்ற குரல் என்றால், தனம்மாள் தூரத்தை ஒத்துக்கொள்ளாத விரல். எனக்கு இந்த இரண்டாவதுதான் கடினமாக இருந்தது. கூட்டத்தில் கத்தினால்தான் நம் பேச்சு எடுபடும் என்று பழகிய தலைமுறை நாங்கள். ஒருத்தி தன் குரலை உயர்த்தாமல் இருந்தே மற்றவர்களை அடங்கவைக்க முடியும் என்பதை அந்த நான்கு மணியில் நம்பினேன். கல்லூரிக் கூட்டத்தில் இதை முயன்றும் பார்த்தேன். வேலைக்காகவில்லை. அதற்குத் தனம்மாளாக இருக்க வேண்டும்.

தனம்மாள் 1938இல் இறந்தார். அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி ஆடிக்கொண்டே பாடினார். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' படத்தில் அதைப் பார்க்கலாம். மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு.

எம்.எஸ். பற்றி எழுதுவது பெண்ணியக் கூட்டங்களில் கொஞ்சம் சங்கடமான காரியம். மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, 1926இல் பத்து வயதில் இசைத்தட்டுக்குப் பாடி, பிறகு குடும்பப் பெண்ணின் முழு உருவமாக மாற்றப்பட்டவர். வைர மூக்குத்தி, பட்டுச் சேலை, தலைநிறையப் பூ, ஸ்லோகம். கச்சேரியில் எதைப் பாட வேண்டும் என்பதைப் பெரிதும் கணவர் சதாசிவமே தீர்மானித்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். "நம்ம மதுரக்காரப் புள்ளய மடிசாமியாக்கிட்டாங்க" என்பார் என் தோழி ஒருவர். அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. ஆனால் காம்போதியில் 'ஓ ரங்கசாயி' பாடுவதற்கு முன் எம்.எஸ். செய்யும் ஆலாபனையைக் கேட்கும்போது என் காது தோழியோடு நிற்பதில்லை.

அதில் ஒரு இடம் வரும். மேல் சட்ஜத்தில் போய் நிற்கிறார். நிற்கிறார் என்றால் சும்மா நிற்கவில்லை. தம்பூராவோடு இழைந்து, குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். அதற்குப் பிறகு நேராக இன்னும் மேலே போவார் என்று எதிர்பார்க்கிறோம். போவதில்லை. இறங்கி, விட்டுவைத்திருந்த ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, பிறகு மேலே ஏறுகிறார். வீட்டு வேலையிலிருந்து உவமை எடுத்தது தற்செயல் இல்லை. ஒன்றை விட்டுவிட்டோம் என்ற நினைவும், அதை எப்போது செய்வது என்ற கணக்கும் இல்லாமல் அந்த இறக்கம் நடக்காது. இதைக் கேட்டுவிட்டு 'பக்தி' என்று மட்டும் எழுதுகிறவர்கள், ஒரு பெண் அத்தனை நேரமும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதைப் பார்க்க மறுக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் கீர்த்தனையின் பெயரை எழுதலாம். ஆலாபனையில் அடுத்த சுரம் என்ன என்பதை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அதை விடுதலை என்று நான் பெரிதாக்கவில்லை. ராகத்துக்கும் இலக்கணம் உண்டு, வாத்தியார்கள் உண்டு. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவருக்குப் பதிலாக வேறு யாரும் முடிவெடுக்கவில்லை.

டி.கே. பட்டம்மாளை இதே வரிசையில் வைப்பதற்கு முன் ஒரு திருத்தம். மேடையில் பாடிய முதல் பெண் என்று மேடைப் பேச்சுகளில் சொல்வார்கள். முதல் பிராமணப் பெண் என்பதே சரி. அதற்கு முன் மேடையில் இருந்தவர்களைப் பெண்கள் கணக்கில் சேர்க்காதவர்களுக்குத்தான் அவர் முதல் பெண். அது பட்டம்மாளின் குற்றமில்லை. ராகம் தானம் பல்லவி, ஆண்களின் கோட்டை என்று பேர் வாங்கிய பகுதி. லயக் கணக்கு பெண்ணுக்கு வராது என்று நம்பியவர்கள் முன்னால் அவர் பல்லவி பாடினார். பல்லவி பட்டம்மாள் என்றே பேர் வந்தது. அவருடைய பதிவுகளில் எனக்குப் பிடித்தது தானம். அலங்காரமே இல்லாத, திறந்த, உறுதியான குரல். சிலருக்கு வறட்சியாகப் படலாம். எனக்குக் கணக்கு டீச்சர் நினைவுக்கு வருவார், நல்ல அர்த்தத்தில்.

எம்.எல். வசந்தகுமாரி எங்கள் வீட்டுக்குள் வந்தது சினிமா வழியாக. 1951இல் வந்த 'மணமகள்' படத்தில் வி.என். சுந்தரத்தோடு அவர் பாடிய பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே'. காபியில் தொடங்கி ராகம் ராகமாக மாறும் மாலை. அம்மா அதைப் பாடித்தான் என்னைத் தூங்கவைத்திருக்கிறார். ராகம் மாறுகிற இடங்களில் அம்மாவுக்குத் தடுமாறும். தடுமாறுகிற இடத்தில் முதல் ராகத்துக்கே திரும்பிவந்துவிடுவார். பெண்குழந்தையைக் கொஞ்சும் பாட்டு அது. எங்கள் மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் பெண்சிசுக்களுக்குக் கள்ளிப்பால் கொடுத்த செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த வருடங்களில் நான் அதைக் கேட்டு வளர்ந்தேன். அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994இல் அதையே 'கருத்தம்மா'வாக எடுத்தார். அந்தப் படத்தின் தாலாட்டில் டி.கே. கலாவோடு தேனி குஞ்சரம்மாள் பாடியிருக்கிறார். கோயம்புத்தூர் தாயியின் இயற்பெயரிலும் குஞ்சரம் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெயர்ப் பொருத்தத்துக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் இந்த இரண்டு குரல்களையும் தனித்தனி அலமாரியில் வைக்க முடியவில்லை.

அலமாரி என்றதும் சொல்லியாக வேண்டும். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஒப்பாரிப் பாடல்களைச் சேகரித்தேன். ஒரு சிறிய டேப் ரிக்கார்டர், பத்துப் பதினைந்து கேசட். உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு ஊரில் எழுபது வயது மூதாட்டி ஒருவர். இழவு வீட்டில் அவர் பாடத் தொடங்கினால் மற்றப் பெண்கள் நிறுத்திவிடுவார்களாம். வீட்டுக்குள் சும்மா ஒப்பாரி வைக்கக் கூடாது என்று ஊருக்கு வெளியே களத்துக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்தார். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு சொல் எதுவும் இல்லாமல் இழுக்கத் தொடங்கினார். கீழே ஒரு இடத்தில் தொடங்கி, அங்கேயே சுற்றி, கொஞ்சம் மேலே போய், உடைந்து, மறுபடி கீழிருந்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேசட் வீணாகிறதே என்று நிறுத்து பொத்தானை அழுத்திவைத்தேன். முதல் சொல் வந்ததும் விட்டேன்.

ஒன்றிரண்டு இடங்களில் நான் நிறுத்தத் தவறி அந்த இழுப்பும் பதிவாகியிருந்தது. எழுத்தாக்கியபோது அதற்கு மூன்று புள்ளி வைத்தேன். 'பொருளற்ற ஒலிகளைத் தவிர்க்கவும்' என்று நெறியாளர் ஓரத்தில் எழுதினார். புள்ளிகளையும் எடுத்தேன். அணி, உவமை, உறவுச்சொற்கள், சொத்துரிமை பற்றிய குறிப்புகள் என்று ஆய்வேடு நன்றாகவே வந்தது. வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள். காசில்லாத காலம், எழுத்தாக்கி முடித்த கேசட்டுகளில் அடுத்த ஊரின் பாடல்களைப் பதிந்தேன். மூதாட்டியின் மேல் இன்னொருத்தி, அவள்மேல் வேறொருத்தி. கடைசியில் மிஞ்சியதும் பூசணம் பிடித்துப் போனது. என்னிடம் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் பக்கம் எழுத்து.

தனம்மாளைக் கேட்ட அந்த நான்கு மணியில் எனக்குத் தெரிந்துவிட்டது, களத்தில் நான் நிறுத்திவைத்தது எதை என்று. அது காம்போதி இல்லை, பேகடா இல்லை. அதற்குப் பெயர் வைக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் எங்கே நிற்பது, எப்போது உடைப்பது, எதை மீண்டும் எடுப்பது என்று ஒரு பெண் முடிவெடுத்துக்கொண்டிருந்தாள். கோவலன் பாட்டைக் கேட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டான். நான் கேட்கவே இல்லை. சேரியில் இழவுக்குப் பாடும் பெண்ணிடம் 'தரவு' இருக்கும், சங்கீதம் இருக்காது என்று என் படிப்பு எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. நானும் கேள்வி கேட்காமல் படித்திருந்தேன்.

போன தை மாதம் அந்த ஊருக்குப் போனேன். கேள்வி கேட்ட மாணவியையும் கூட்டிக்கொண்டேன். மூதாட்டி இறந்து பல வருடமாகிவிட்டது. மகள் இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எங்கம்மா பாடுனத நீங்கதானக்கா பெட்டில பிடிச்சிட்டுப் போனீக? இருந்தாப் போட்டுக் காட்டுங்க, எங்ககிட்ட அது குரல் ஒண்ணும் இல்ல" என்றார்.

இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று இருந்தேன். கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது செத்த அன்னைக்கு நான் பாடுனேன். அது மாதிரியே இருக்குன்னாங்க" என்றார்.

களம் இப்போது இல்லை, வீட்டுமனையாகிவிட்டது. வாய்க்கால் கரையில் ஒரு புளியமரத்தடிக்குப் போனோம். மாணவி போனை மடியில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். மகள் முந்தானையை வாயருகே கொண்டுபோனார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம், தூரத்தில் ஒரு பம்புசெட், ஒரு தடவை ஜீப் ஹாரன், எல்லாம் அதில் விழுந்திருக்கிறது. முதல் சொல் நான்காவது நிமிடத்தில் வருகிறது.